இனிப்பின் வம்சாவளி – 9: நான்கு சர்க்கரைக்கு ஒரே பெயர்

சென்ற வாரம் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நின்றோம். ஆண்டு 1811. நெப்போலியன் போட்ட வணிகத் தடையால் ஐரோப்பியக் கடைகளில் கரும்புச் சர்க்கரை அருகிப்போன காலம். பீங்கான் வேலைக்குத் தேவைப்பட்ட பிசினுக்கு மாற்றுத் தேடிய கிர்ச்சாஃப் என்ற மருந்தாளர், ஸ்டார்ச் மாவை நீர்த்த கந்தக அமிலத்தில் காய்ச்சினார். பிசின் வரவில்லை. தித்திக்கும் பாகு வந்தது.

அதற்கு முந்தைய பகுதிகளில் ஒரு சொல்லின் பின்னால் நடந்தோம். சரளைக் கல்லைக் குறித்த ‘சர்க்கரா’ என்ற இந்தியச் சொல் பாலியில் ‘சக்கரா’ ஆனது. கிரேக்கத்தில் ‘சாக்கரோன்’, அரபியில் ‘சுக்கர்’, பிரெஞ்சில் ‘சூக்ர்’. தாதரில் சாக்கர், மாட்டுங்காவில் சர்க்கரை, தாராவியின் திருநெல்வேலி வீடுகளில் சீனி என்று நம் மும்பையிலேயே அதற்கு எத்தனையோ பெயர்.

அவையெல்லாம் சந்தையும் சமையலறையும் வைத்த பெயர்கள். வேதியியலார் கூடி உட்கார்ந்து, காரணம் எழுதி, ஒரு சர்க்கரைக்குப் பெயர் வைத்த கதை இந்த வாரம். குழந்தைகூடச் சொல்லும் பெயர் அது. பிஸ்கட் பாக்கெட்டிலும் ரத்தப் பரிசோதனைச் சீட்டிலும் ஒன்றுபோல அச்சாகிற பெயர்.

குளுக்கோஸ்.

*

1830களின் பாரிஸ். அங்கே ஓர் ஆய்வுக்கூடத்து அலமாரியைத் திறந்தால் சர்க்கரைக்குப் பஞ்சமே இல்லை. கரும்புச் சர்க்கரை, பீட்ரூட் சர்க்கரை, திராட்சைச் சர்க்கரை, மாவுச் சர்க்கரை, தேன் சர்க்கரை, பால் சர்க்கரை, காளான் சர்க்கரை. ஓரத்தில், கொஞ்சம் தயக்கத்தோடு வைத்ததுபோல், நீரிழிவுச் சர்க்கரை.

எதிலிருந்து எடுத்தார்களோ அதன் பெயரையே சீட்டில் எழுதி ஒட்டினார்கள். யார் என்று கேட்டால் எந்த ஊர் என்று பதில் சொல்வது மாதிரி. மாட்டுங்காவில் இன்றும் ஆளை அப்படித்தான் அறிமுகப்படுத்துவோம். பாலக்காட்டுக்காரர், கல்லிடைக்குறிச்சிக்காரர் என்று. மனிதருக்கு அது சரிவரும். ஒரே ஆள் இரண்டு ஊர்ப் பெயரில் நடமாட ஆரம்பித்தால்தான் சிக்கல்.

அப்படி ஒரு வழக்கு ஏற்கெனவே தீர்ந்திருந்தது. 1747இல் பெர்லினில் மார்க்கிராஃப் பீட்ரூட்டிலிருந்து எடுத்த படிகமும் கரும்பிலிருந்து வந்த படிகமும் ஒன்றேதான் என்று காட்டியிருந்தார். மண்ணுக்கடியில் வளர்ந்த கிழங்கும் கடல் கடந்து வந்த கரும்பும் ஒரே சர்க்கரையைத் தருமானால், அலமாரியில் இருக்கும் மற்றவை மட்டும் எந்த நம்பிக்கையில் வேறு வேறு?

கேள்விக்குப் பணத்தின் அழுத்தமும் இருந்தது. பீட்ரூட் ஆலைகள் பெருகி, தீவுகளிலிருந்து வரும் கரும்புச் சர்க்கரையோடு போட்டி போட்டன. 1837இல் பிரெஞ்சு அரசு பீட்ரூட் சர்க்கரைக்கும் வரி போட்டது. கிர்ச்சாஃபின் மாவுச் சர்க்கரையோ பீர் காய்ச்சுவோரின் தொட்டிகளுக்குள் புகுந்துவிட்டது. எது எந்தச் சர்க்கரை என்று சொல்லத் தெரிந்தவனுக்கு ஆய்வுக்கூடத்துக்கு வெளியேயும் மதிப்பு இருந்தது.

*

இந்த அலமாரியைத் துணிந்து ஒழுங்குபடுத்தக் கிளம்பியவர் எழென் பெலிகோ. பாரிஸில் பிறந்தவர். பிறந்த ஆண்டு 1811. கிர்ச்சாஃபின் பாகு பிறந்த அதே ஆண்டு. 1838இல் அவருக்கு வயது 27.

செம்பூர் வாசகர்களுக்காக ஒரு சின்ன விலகல். இந்தப் பெலிகோதான் மூன்றாண்டு கழித்து, 1841இல், யுரேனியத்தை முதன்முதலாக உலோகமாகப் பிரித்தெடுத்தவர். 1789இல் கிளாப்ரோத் ‘யுரேனியம்’ என்று அறிவித்தது உண்மையில் அதன் ஆக்சைடுதான் என்று காட்டியவரும் இவரே. 1956 ஆகஸ்ட் 4 அன்று செம்பூரை அடுத்த டிராம்பேயில் அப்சரா அணு உலை இயங்கத் தொடங்கியது. அணுசக்தி நகரில் குடியிருந்தவர்களின் வாழ்க்கையை நடத்திய அந்த உலோகத்தின் கதையும், அவர்கள் டீயில் தோய்த்துத் தின்ற பிஸ்கட்டின் பெயர்க் கதையும் ஒரே மனிதரின் மேசையில் சந்திக்கின்றன. இப்படி ஒரு பொருத்தத்தை யாரும் திட்டமிட்டு உண்டாக்க முடியாது.

சர்க்கரைக்கு வருவோம். பெலிகோ செய்த வேலையில் மாயம் ஏதும் இல்லை, பொறுமை இருந்தது. ஒவ்வொரு சர்க்கரையையும் திரும்பத் திரும்பப் படிகமாக்கித் தூய்மைப்படுத்தினார். எரித்து, வெளிவந்த கரியமில வாயுவையும் நீரையும் எடை போட்டார். காரங்களோடும் உப்போடும் சேர்த்து என்ன ஆகிறது என்று பார்த்தார்.

அதில் ஒரு சோதனை நம் கொப்பரைக்காரர்களுக்கு உடனே புரியும். கரும்புச் சாறு காய்ச்சும்போது கொஞ்சம் சுண்ணாம்பு சேர்ப்பது நம் வழக்கம். கரும்புச் சர்க்கரை சுண்ணாம்பைத் தாங்கும். அதோடு சேர்ந்து நிற்கும், பிரித்தால் பழையபடி திரும்பி வரும். திராட்சைச் சர்க்கரை அப்படித் தாங்காது. சுண்ணாம்பு பட்டுச் சூடேறினால் பழுப்பாகிச் சிதைந்துபோகும்.

மாவுச் சர்க்கரையை வைத்துப் பார்த்தால்? அதுவும் பழுப்பானது. தேனில் உறைந்த குருணையை எடுத்துப் பார்த்தால்? அதுவும் அப்படியே.

ஓரத்தில் இருந்த நான்காவது குப்பியும் அதே கதையைச் சொன்னது.

*

அந்த நான்காவது குப்பியைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும்.

சிலருடைய சிறுநீரில் எறும்பு மொய்க்கும் என்பதை இந்திய மருத்துவம் வெகுகாலம் முன்பே கண்டிருந்தது. சரகர், சுஸ்ருதர் பெயரில் வழங்கும் நூல்கள் அந்த நோயை மதுமேகம் என்கின்றன. தேன்போன்ற நீர் என்ற பொருளில். தமிழில் நீரிழிவு என்றார்கள். ஐரோப்பாவில் 1674இல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் அந்த நீர் தித்திக்கிறது என்று எழுதினார். எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். அக்காலத்து மருத்துவருக்கு நாக்கும் ஒரு கருவி.

1776இல் லிவர்பூலில் மேத்யூ டாப்சன் அந்த நீரை வற்றவைத்தார். அடியில் தங்கியது பார்வைக்கும் சுவைக்கும் சர்க்கரையாகவே இருந்தது. சரி, சர்க்கரைதான். ஆனால் எந்தச் சர்க்கரை?

அதற்குப் பதில் சொன்னவர் பிரான்சின் ஷெவ்ரல். 1815இல் அவர் சொன்னது இதுதான்: நீரிழிவுக்காரரின் நீரில் இருப்பது கரும்புச் சர்க்கரை இல்லை, திராட்சையில் இருக்கும் சர்க்கரை.

இதன் கனம் அப்போது முழுதாக யாருக்கும் உறைத்திருக்காது. இன்று நமக்கும்தான் உறைக்கிறதா என்ன? ‘ஷுகர் இருக்கு’ என்கிறோம். உடனே டப்பாவில் இருக்கும் சீனியை எதிரியாக்கிவிடுகிறோம். சீனி போடாத டீயைக் குடித்துவிட்டு, எட்டு இட்லியைச் சாம்பாரில் மூழ்கடித்துச் சாப்பிட்டு, ‘நான் சர்க்கரையைத் தொடுவதே இல்லை’ என்கிறவர்கள் கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி நிறையவே இருக்கிறார்கள். அந்த இட்லியின் மாவு வயிற்றுக்குள் போய் என்ன ஆகிறது என்பதைக் கிர்ச்சாஃபின் பானை 1811இலேயே காட்டிவிட்டது. அமிலம் செய்த வேலையை உடம்பில் செரிமான நொதிகள் செய்கின்றன. முடிவில் கிடைப்பது அதே சர்க்கரை.

நோயாளியின் நீரும் இட்லி மாவும் திராட்சையும் தேனும் ஒரே பொருளில் வந்து சேரும் இந்த முடிச்சைத்தான் பெலிகோ தன் கட்டுரையில் இறுக்கிப் போட்டார். இனி அதைப் பெரியவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

*

1838 ஜூலை. செய்ன் நதிக்கரையில் பிரெஞ்சு அறிவியல் அகாதமி.

அகாதமி திங்கள்கிழமைதோறும் கூடும். வெளியார் அனுப்பும் கட்டுரையை உறுப்பினர் சிலரிடம் ஒப்படைப்பார்கள். அவர்கள் பார்த்து அறிக்கை தருவார்கள். 1835 முதல் அந்த நடவடிக்கைகள் வாராவாரம் அச்சாகிவந்தன. பெலிகோவின் சர்க்கரைக் கட்டுரையை ஆராய நால்வர் குழு போட்டிருந்தார்கள்.

தெனார்: ஹைட்ரஜன் பெராக்சைடைக் கண்டுபிடித்தவர். உழவர் வீட்டுப் பிள்ளை.

கே-லுசாக்: 1804இல் பலூனில் 7,000 மீட்டர் உயரத்துக்குப் போய்க் காற்றைப் பிடித்து வந்தவர். சர்க்கரை அவருக்குப் புதிது இல்லை. தெனாரும் அவரும் சேர்ந்து 1811இலேயே அதை எரித்துப் பகுத்துப் பார்த்தவர்கள்.

பியோ: நால்வரில் மூத்தவர். வயது 64. சர்க்கரைக் கரைசலுக்குள் ஒளியைச் செலுத்தி அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கும் வித்தை அவருடையது. இவரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது ஆள் ழான் பாப்திஸ்த் தூமா. வயது 38. பிரெஞ்சு வேதியியலின் ஏறுமுக நட்சத்திரம். அறிக்கையை எழுதியவர் அவர்தான். அவர் பெலிகோவின் ஆசிரியரும்கூட. மாணவனின் விடைத்தாளை ஆசிரியரே திருத்தி மதிப்பெண் போடுவதைப் பற்றி அந்தக் காலத்தில் யாரும் முகம் சுளித்ததாகத் தெரியவில்லை.

தீர்ப்பு தெளிவாக இருந்தது. திராட்சைச் சர்க்கரை, மாவுச் சர்க்கரை, நீரிழிவுச் சர்க்கரை, தேன் சர்க்கரை ஆகிய நான்கும் இயைபிலும் குணத்திலும் ஒன்றே. அவை நான்கு பொருள் அல்ல, ஒரு பொருள்.

ஒரு பொருள் என்றால் அதற்கு ஒரு பெயர் வேண்டும். எந்தப் பெயர் வைப்பது? திராட்சைச் சர்க்கரை என்றால் மாவும் தேனும் விடுபட்டுப்போகும். நீரிழிவுச் சர்க்கரை என்று எவனும் விற்க முடியாது. நான்குக்கும் பொதுவாக நிற்கும் பெயராக இருக்க வேண்டும்.

அறிக்கை முன்வைத்த பெயர்: குளுக்கோஸ். அடிக்குறிப்பாக ஒரு கிரேக்கச் சொல்லும் அதற்குப் பொருளும்.

*

அந்த அடிக்குறிப்புக்குள் போகாமல் நகர முடியாது. பல பாடநூல்கள் அதைப் படிக்காமலேதான் கடந்துபோகின்றன.

‘குளுக்கோஸ் என்றால் கிரேக்கத்தில் இனிப்பு’ என்று நம் பள்ளிக்கூடங்களில் சொல்லிக் கொடுத்தார்கள். தூமா அடிக்குறிப்பில் காட்டிய சொல் ‘இனிப்பான’ என்ற பொருளுடைய ‘கிளுக்குஸ்’ அல்ல. ‘கிளெயுகோஸ்’. அதற்கு அவர் தந்த பொருள்: பிழிந்த திராட்சைச் சாறு, இனிப்பு மது.

திராட்சையை மிதித்துப் பிழிந்ததும் தொட்டியில் நிற்கும் சாறு அது. முழுக்கப் புளித்து ஒயின் ஆகாத நிலை. நம் பக்கத்தில் இதற்கு நேரான நிலை பதநீர். இனிப்பு இன்னும் இனிப்பாக இருக்கும், விட்டுவைத்தால் கள்ளாகிவிடும். கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதே அந்த மாற்றத்தைத் தள்ளிப்போடத்தான். (பதநீரில் இருக்கும் சர்க்கரை பெரும்பாலும் கரும்புச் சர்க்கரையின் இனம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தூமா உடன்குடியில் பிறந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும்.)

இந்தக் கிரேக்கச் சொல்லைத் தாராவியின் தேவாலயங்களுக்குப் போகிறவர்கள், தெரியாமலே, ஆண்டுதோறும் ஒரு முறை சந்திக்கிறார்கள். பெந்தெகொஸ்தே நாள் சம்பவம். அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரத்தில், சீடர்கள் பல மொழிகளில் பேசக் கேட்ட சிலர், இவர்கள் குடித்திருக்கிறார்கள் என்று கேலி செய்வார்கள். அந்தக் கேலியில் மதுவுக்குக் கிரேக்க மூலம் வைத்திருக்கும் சொல் இதே கிளெயுகோஸ். புதிய ஏற்பாடு முழுவதிலும் அந்த ஓரிடத்தில்தான் அது வருகிறது.

சரி, கிளெயுகோஸிலிருந்து வந்தால் பெயர் ‘கிளெயுக்கோஸ்’ என்றல்லவா இருக்க வேண்டும்? தூமா நடுவில் இருந்த எகரத்தை விழுங்கிவிட்டார். அதனால் பின்னால் வந்த அகராதிக்காரர்கள் குழம்பினார்கள். பலர் இது ‘கிளுக்குஸ்’ வழி வந்தது என்றே எழுதினார்கள். அந்தக் கிரேக்க உகரம் லத்தீன் எழுத்தில் ‘ஒய்’ ஆக மாறுவது வழக்கம். கிளிசரின், கிளைக்கோஜன், கிளைசீமியா என்று அந்தக் குடும்பம் முழுக்க ‘ஒய்’ போட்டு எழுதுகிறது. குளுக்கோஸ் மட்டும் ‘யு’ போட்டுத் தனியாக நிற்கிறது. ஒரே மருத்துவச் சீட்டில் இரண்டு எழுத்தும் வருவதைப் பார்த்து, அச்சுப்பிழையோ என்று சந்தேகப்பட்டவர்கள் இருக்கலாம். பிழையில்லை. ஒரே வேரிலிருந்து கிளம்பிய இரண்டு சொற்கள் வேறு வேறு வாசல் வழியாக வேதியியலுக்குள் வந்ததன் அடையாளம்.

தூமாவுக்குக் கிரேக்க மதுவின் மீது பிடிப்பு அதிகம் என்றே நினைக்கிறேன். மூன்று நான்கு ஆண்டுக்கு முன்பு அவரும் பெலிகோவும் மரச்சாராயத்தை ஆராய்ந்து அதன் அடிப்படைக்கு ‘மெத்திலீன்’ என்று பெயரிட்டிருந்தார்கள். ‘மெத்து’ என்றால் மது, ‘ஹூலே’ என்றால் மரம். மெத்தில், மீத்தேன், மெத்தனால் எல்லாம் அந்தக் கிளையில் காய்த்தவை. அந்த ‘மெத்து’வும் நம் மதுமேகத்தின் ‘மது’வும் உடன்பிறந்த சொற்கள் என்று மொழியறிஞர்கள் சொல்கிறார்கள். கள்ளச் சாராயத்தில் உயிரெடுக்கும் மெத்தனாலின் பெயருக்குள் இப்படி ஒரு பழைய உறவு.

*

பெயரின் தலையைப் பார்த்தோம். வால் அதைவிடப் பெரிய வேலை செய்தது.

கிளெயுகோஸ் என்ற சொல்லோடு தற்செயலாக ஒட்டிவந்த ‘ஓஸ்’ சில ஆண்டுகளில் ஒரு குலப்பெயராகவே மாறியது. 1839இல் பயேன் மரத்திலிருந்து பிரித்த பொருள் பற்றி அகாதமிக்கு வந்த அறிக்கையில் செல்லுலோஸ் என்ற பெயர் வந்தது; அங்கும் தூமாவின் கை இருந்தது. 1843இல் பால் சர்க்கரைக்கு அவர் லாக்டோஸ் என்று வைத்தார். 1857இல் லண்டனில் வில்லியம் மில்லர் தன் வேதியியல் நூலில் கரும்புச் சர்க்கரைக்கு சுக்ரோஸ் என்று எழுதினார். தலை பிரெஞ்சு ‘சூக்ர்’, அதாவது நம் சர்க்கரா. வால் கிரேக்கத் திராட்சைத் தொட்டியிலிருந்து வந்தது. கங்கைச் சமவெளியில் கிளம்பிய சொல்லுக்கு இரண்டாயிரம் ஆண்டுக்குப் பிறகு ஐரோப்பாவில் ஒரு வால் முளைத்தது.

இனி எவன் ஒரு சர்க்கரையைப் புதிதாகக் கண்டாலும் யோசிக்க வேண்டியதில்லை. முன்னால் எதையாவது போட்டு, பின்னால் ஓஸ் என்று முடித்தால் போதும்.

*

பாரிஸ் அறிக்கையில் பிறந்த பெயர் நம் ஊருக்கு எப்படி வந்தது?

மாட்டுங்காவில் பழைய ஆட்கள் இன்றும் ‘யூடிசிடி’ என்று சொல்லும் வேதித் தொழில்நுட்ப நிறுவனம் 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத் துறையாகத் தொடங்கியது. அங்கே படித்தவர்கள் வழியாக வந்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் தெருவுக்கு அந்தப் பெயரைக் கொண்டுவந்தது பல்கலைக்கழகம் அல்ல, பிஸ்கட்.

1929இல் வில்லே பார்லேயில் மிட்டாய் செய்ய ஒரு தொழிற்சாலை வந்தது. 1939இல் அங்கே பிஸ்கட் போட ஆரம்பித்தார்கள். பெயர் பார்லே குளுக்கோ. பணக்காரர் மேசையில் இருந்த ஆங்கிலேய பிஸ்கட்டுக்கு எதிரில், டீக்கடையில் நின்று தின்னக்கூடிய நம் ஊர் பிஸ்கட். பிறகு ஆளாளுக்கு குளுக்கோஸ் பிஸ்கட் போட்டார்கள். ‘ஷோலே’ படத்து கப்பர் சிங்கே பிரிட்டானியாவின் குளுக்கோஸ் பிஸ்கட்டை விளம்பரப்படுத்தினார். கடையில் போய் ‘குளுக்கோஸ் பிஸ்கட்’ என்றால் எது கிடைக்கும் என்று சொல்ல முடியாத நிலை வந்ததும், 1980களின் தொடக்கத்தில் பார்லே தன் பிஸ்கட்டின் பெயரைப் பார்லே-ஜி என்று மாற்றியது. அந்த ‘ஜி’ குளுக்கோஸின் முதல் எழுத்து. தூமா கிரேக்கத்திலிருந்து எடுத்த எழுத்து.

வில்லே பார்லே தொழிற்சாலை 2016இல் மூடப்பட்டது. மின்சார ரயில் அந்த நிலையத்தை நெருங்கும்போதே வந்துவிடும் பிஸ்கட் வாசனை இப்போது இல்லை.

மற்ற இடங்களில் அந்தப் பெயர் அடக்கமாக வேலை செய்கிறது. மிட்டாய்ப் பட்டறைகளுக்குக் கெட்டியான, கண்ணாடிபோல் தெளிந்த லிக்விட் குளுக்கோஸ் வருகிறது. அதைச் சேர்த்தால் பாகு குருணை கட்டாது. மக்காச்சோளம் அல்லது மரவள்ளி ஸ்டார்ச்சிலிருந்து செய்யும் அது கிர்ச்சாஃபின் பாகு வழி வந்த வாரிசு. சயான் மருத்துவமனையில் கையில் ஊசி குத்தி பாட்டிலைத் தொங்கவிட்டால் ‘குளுக்கோஸ் ஏத்தியிருக்காங்க’ என்று ஊருக்குப் போன் செய்கிறோம். ஆனால் அந்தப் பாட்டிலை ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். குளுக்கோஸ் என்று இருக்காது. ‘டெக்ஸ்ட்ரோஸ்’ என்று இருக்கும். ஒரே பொருளுக்கு ஒரே பெயர் என்று தீர்ப்பான பிறகு இன்னொரு பெயர் எங்கிருந்து முளைத்தது?

இன்னொன்று. பார்லே-ஜி பாக்கெட்டின் பின்பக்கம், சேர்மானப் பட்டியலில், பொடி எழுத்தில் ‘இன்வர்ட் சர்க்கரைப் பாகு’ என்று ஒரு சரக்கு வரும். இன்வர்ட் என்றால் தலைகீழான. எது தலைகீழானது?

இரண்டு கேள்வியும் ஒரே மனிதரிடம் கொண்டுபோய் விடுகின்றன.

*

பியோவை நினைவில் வைக்கச் சொன்னேன்.

அவருடைய வித்தை இதுதான். ஒளியை ஒரே தளத்தில் மட்டும் அதிரும்படி முதலில் வடிகட்டிவிடுவார். அந்த ஒளியை ஒரு நீண்ட குழாயில் நிரப்பிய கரைசலுக்குள் விடுவார். தண்ணீராக இருந்தால் ஒளி போன தளத்திலேயே வெளியே வரும். சர்க்கரைக் கரைசலாக இருந்தால் அதன் தளம் கொஞ்சம் திரும்பியிருக்கும். எவ்வளவு திரும்பியது, எந்தப் பக்கம் திரும்பியது என்று அளந்துவிடலாம். நாக்கை ஏமாற்றலாம், தராசைக்கூடச் சில சமயம் ஏமாற்றலாம். இந்தக் குழாயை ஏமாற்றுவது கடினம்.

கரும்புச் சர்க்கரை ஒளியை வலப்பக்கம் திருப்பும். ஆனால் அதோடு அமிலம் சேர்த்துச் சூடாக்கிவிட்டுப் பார்த்தால் ஒளி இடப்பக்கம் திரும்பியது. அந்தத் தலைகீழ் மாற்றத்துக்கு பியோ வைத்த பெயர்தான் ‘இன்வர்ஷன்’. பிஸ்கட் பாக்கெட்டில் இருக்கும் சொல்லின் ஊற்று அது. 1838க்கு முன்பே இது அவருக்குத் தெரியும்.

இன்னொன்றும் அவருக்குத் தெரியும். அதுதான் விவகாரம்.

திராட்சைச் சாற்றைப் புதிதாகப் பிழிந்து குழாயில் ஊற்றினால் ஒளி இடப்பக்கம் திரும்பும். அதே சாற்றை வற்றவைத்து, உறைந்து படிந்த சர்க்கரையை எடுத்துக் கரைத்து ஊற்றினால் வலப்பக்கம் திரும்பும். சாறு ஒன்று. பிழிந்தபோது இடம், உறைந்த பிறகு வலம். உறையும்போது சர்க்கரையே மாறிவிடுகிறது போலும் என்று பியோ சமாதானம் செய்துகொண்டார்.

தேனிலும் இதே கூத்து. தேனை நாள்பட வைத்தால் அடியில் குருணை கட்டும். மேலே பாகு நிற்கும். எவ்வளவு காத்திருந்தாலும் அந்தப் பாகு முழுக்கக் குருணையாகாது. வேதியியலார் தூய்மையை விரும்புகிறவர்கள். அவர்கள் குருணையைத்தான் எடுத்தார்கள், கழுவினார்கள், எரித்தார்கள், எடை போட்டார்கள். ஒழுகி நின்ற பாகைச் சட்டியோடு ஒதுக்கிவைத்தார்கள்.

குருணைக்கு குளுக்கோஸ் என்று பெயர் வைத்தாகிவிட்டது. அறிக்கையில் ‘தேன் சர்க்கரையும் இதுவே’ என்று எழுதியாகிவிட்டது. அந்தக் குழுவில் பியோவும் இருந்தார். பெயருக்கு மூலமாக எடுத்துக்கொண்ட கிளெயுகோஸ், அந்தப் புதுச் சாறு, தன் குழாயில் இடப்பக்கம் திரும்பியதைக் கண்ணால் பார்த்தவர் அவர். பெயர் பெற்ற பொருளோ வலப்பக்கம் திருப்புவது.

குளுக்கோஸ் வலப்பக்கம் இழுக்கிறது என்றால், அந்தச் சாற்றுக்குள் இருந்துகொண்டு அதைவிட வலுவாக இடப்பக்கம் இழுத்தது எது? குருணை கட்ட மறுத்து, தேன் சட்டியில் பாகாகவே நின்று, நான்கு பெரிய மனிதரின் கண்ணிலும் படாமல் தப்பித்தது யார்?

(தொடரும்)